கயிறு பிடிக்க முப்பது பேர்

இஞ்சால வாங்கோ தம்பி, நடுப்பலகையில இருங்கோ. அந்தப் பக்கம் தண்ணி தெறிக்கும், சப்பாத்து பழுதாப்போகும். கனடாவில இருந்து ஒரு தம்பி வந்து நிக்கிறார், பாரைத்தீவில ஹோட்டல் போட இடம் பாக்கிறார் எண்டு தேத்தண்ணிக் கடையில கதைச்சவை. கேட்ட கையோட ஓடி வந்தனான். மற்ற வள்ளத்துக்காரனோட போயிருந்தா உங்களுக்குப் பொய்தான் கிடைச்சிருக்கும். தீவைப் பற்றிச் சின்னப் பொய், என்னைப் பற்றிப் பெரிய பொய். நான் உள்ளதைச் சொல்லுவன். பலகையை இறுக்கிப் பிடியுங்கோ, மெசினை இழுக்கிறன்.

என்ன, காதைப் பாக்கிறியளோ? பாருங்கோ, பாருங்கோ. வாறவை எல்லாரும் முதல் அதைத்தான் பாக்கிறவை. நாய் கடிச்சதோ எண்டு ஒரு வெள்ளைக்காரி கேட்டவள். நாய் இல்லை. சொல்லுறன், அதுக்கும் இடம் வரும்.

முதலில ஒண்டை மனசில வையுங்கோ. எங்கட தீவு அமைதியான தீவு. பொலிஸ் இல்லை தம்பி. பொலிசுக்கு வேலை இல்லை, அதால பொலிஸ் இல்லை. களவு இல்லை, கதவுக்குப் பூட்டு இல்லை. ஒரு கோயில், ஒரு பள்ளிக்கூடம், ஒரு சங்கக்கடை, மிச்சம் முழுக்கப் பனையும் மணலும். மேற்குப் பக்கத்துக் குடாவைக் கண்டியள் எண்டா சேட்டைக் கழட்டி எறிஞ்சுபோட்டுக் குதிப்பியள். மணல் எண்டா சீனி மாதிரி. எவ்வளவு தூரம் நடந்தாலும் தண்ணி இடுப்பு மட்டும்தான். அலை கிடையாது. அந்தக் குடா என்ர குடா. சரி, என்ரயும் மடுத்தீன்ரயும். மடுத்தீன் என்ர கூடப்பிறந்தவன், எனக்கு இளையவன்.

குடா எண்டு நாங்கள் சொல்லுறதில்லை, மேற்குப் பாடு எண்டுதான் சொல்லுறது. கரைவலை பாத்திருக்கிறியளோ? வள்ளத்தில வலையைக் கொண்டுபோய்க் கடலில அரைவட்டமா வளைச்சுப் போட்டு, இரண்டு பக்கத்துக் கயித்தையும் கரையில நிண்டு இழுக்கிறது. முப்பது பேர் வேணும். இழுக்க இழுக்க, கடைசியில வலையின்ர மடி, மீன் சேருற பை, மீனோட கரையில வந்து ஏறும். அப்பிடி வலை இழுக்கிற கரைத்துண்டுக்குப் பேர்தான் பாடு. எங்கட அப்பு, எங்களைப் பெத்தவர், வலைக்குச் சொந்தக்காரர், சவிரிமுத்துச் சம்மாட்டி எண்டா அக்கரையிலயும் தெரியும். அவர் கண்ணை மூடினாப் பிறகு பாடு எங்கள் இரண்டு பேருக்கும் வந்தது. பாடு பிரிக்கிறதில்லை. ஒரு பருவம் எனக்கு, அடுத்த பருவம் அவனுக்கு. பாட்டன் பூட்டன் காலத்துச் சட்டம்.

இன்னொரு சட்டமும் இருக்கு. கயித்தில ஆர் கை வைச்சாலும் மீனில பங்கு. சின்னப்பிள்ளை வைச்சாலும் பங்கு, சுவாமியார் வைச்சாலும் பங்கு, பகையாளி வைச்சாலும் பங்கு. ஆனா கை வைச்சவன் மடி கரையில ஏறும்வரைக்கும் விடக்கூடாது. உயிர் போனாலும் விடக்கூடாது. எனக்கு மீசை முளைக்காத வயசு, கண்ணுக்க வேர்வை போகுது எண்டு ஒரு கையை எடுத்துத் துடைச்சன். அப்பு கண்டிட்டார். மடி ஏறினாப் பிறகு, ஈரக் கயித்தின்ர நுனியால, எல்லாற்ற முன்னாலயும், முதுகுத் தோல் கயித்தோட உரிஞ்சு வருமட்டும் அடிச்சார். மடுத்தீன் சின்னவன், என்னைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு குழறினான், அவனுக்கும் விழுந்தது. அப்பிடி வளந்த ஆக்கள் நாங்கள். அடியாத மாடு படியாது தம்பி. இண்டைக்கும் மழை கண்டா முதுகு எரியும், அப்புவை நினைச்சுக் கும்பிட்டுக்கொள்ளுவன்.

இனி முதலாளியின்ர கதைக்கு வாறன். உங்களுக்கு முதல் ஒருத்தர் வந்தவர், கொழும்பில இருந்து, சந்திரபோஸ் முதலாளி. நல்ல மனிசன், கொஞ்சம் அவசரக்காரன். அது என்ர பருவம். மேற்குப் பாட்டில நிண்டு சுற்றிப் பாத்திட்டு, இவ்வளவு வடிவான இடம் சும்மா கிடக்கே எண்டார். ஓம் ஐயா, சும்மாதான் கிடக்கு எண்டன். வலை காய்ஞ்சுகொண்டு கிடந்தது, அதைச் சுருட்டித் தள்ளி வைச்சன். சுற்றிப் பாக்க வாற ரூரிஸ்ட்மார் தங்க, கிடுகு வேய்ஞ்ச குடில் ஆறு, கபானா எண்டு பேர் வைச்சு எழும்பிச்சுது. என்னை மனேஜர் ஆக்கினார். நெஞ்சில "அருளப்பு" எண்டு என்ர பேர் தைச்ச நீலச் சேட்டு. பாரைத்தீவில நெஞ்சில பேர் தைச்சுத் திரிஞ்ச முதல் ஆள் நான்தான் தம்பி, வேற ஒருத்தனும் இல்லை. அடுத்த பருவம் உம்முடைய தம்பியின்ரயாமே, அவர் மறிக்கமாட்டாரோ எண்டு முதலாளி கேட்டார். நான் சிரிச்சன். தம்பியுடையான் படைக்கஞ்சான் எண்டு சும்மாவே சொல்லி வைச்சவை? மடுத்தீன் என்ர சொல்லுத் தட்டமாட்டான் எண்டன்.

மடுத்தீனைக் கோயில் முத்தத்தில பிடிச்சன். பூசை முடிஞ்சு சனம் வெளிய வாற நேரம். ஒரு பருவத்துக்கு வலையைச் சுருட்டி வை, கபானாவில உனக்கு வேலை எடுத்துத் தாறன், ரூரிஸ்ட்மாற்ற பை தூக்கிற வேலை, வெயில் இல்லை எண்டு சொன்னன். தன்மையாத்தான் சொன்னன். அவன் தலையைக் குனிஞ்சு நிண்டு முழுக்கக் கேட்டான்.

"உன்ர கபானாவை நீ வைச்சிரு அண்ணை. என்ர பருவத்தில என்ர வலை இறங்கும்" எண்டான்.

அறைஞ்சன். ஒண்டோட நிப்பாட்டேல்லை. உதடு வெடிச்சு, பூசைக்குப் போட்ட வெள்ளைச் சேட்டு முழுக்க ரத்தம். அவன் கையைப் பின்னால கட்டிக்கொண்டு நிண்டான். என்னை விட ஒரு முழம் உயரம், மாடு மாதிரி நெஞ்சு. திருப்பி ஒண்டு தந்திருந்தா நான் இண்டைக்கு இந்த மெசின் பிடிக்கமாட்டன். தரேல்லை. அண்ணன் அடிச்சா வாங்கவேணும், அதுதான் எங்கட பண்பாடு. வெளிநாட்டில பிறந்த உங்களுக்கு உது விளங்காது. சனம் பாத்துக்கொண்டு நிண்டது, ஒருத்தரும் மூச்சு விடேல்லை. அவ்வளவு மரியாதை எனக்கு அப்ப.

பருவம் திரும்பிச்சுது, அவன் வலையை இறக்கினான். ஆனா ஆள் காணாது. அவன்ர ஆக்களில பாதிப் பேரைக் கபானா வேலைக்கு நான் எடுத்திட்டன், அதைச் சொல்லவேணும். வலை கடலில வளைஞ்சு கிடக்கு, வடக்குக் கயித்துக்கு ஆள் இல்லை. கபானாவில ரூரிஸ்ட்மார் ஒரு கூட்டம், கமராவோட நிண்டு பாக்கினம். முதலாளி என்ர காதுக்க சொன்னார், எங்கட விருந்தாளியளை இழுக்க விடு அருளப்பு, படம் எடுத்து உலகம் முழுக்கப் போடுவினம், பிறகு பார் எண்டு. நல்ல யோசினைதானே? நீங்களே சொல்லுங்கோ. நான் அவையைக் கொண்டுபோய்க் கயித்தில நிறுத்தினன். மடுத்தீன் தண்ணிக் கரையில இருந்து திரும்பிப் பாத்தான்.

"அண்ணை, உவை விடமாட்டினமோ?"

"விடாயினம். நான் பொறுப்பு."

நல்லாத்தான் இழுத்தவை. ஏலேலோ கூட ஏதோ பாடினவை. ஒரு பெட்டை சிவப்புத் துண்டைத் தலையில கட்டிக்கொண்டு, கயித்தைப் பிடிச்சபடி பல்லைக் காட்டினாள், படம் எடுத்தவை. வலை பாதி தூரம் வந்திட்டுது. அப்ப கபானாவில சாப்பாட்டு மணி அடிச்சிட்டாங்கள், நாசமறுவார். இறால் பொரிச்ச வாசம் வேற. முதல் ஒரு தடியன் கையை விட்டு உள்ளங்கையை ஊதினான். பிறகு ஒருத்தி விட்டாள். பிறகு எல்லாரும். கை தட்டிச் சிரிச்சுக்கொண்டு போகினம்.

கயிறு ஓடிச்சுது தம்பி. பின்னால எமிலியான் கிழவர் இருந்து கயிறு சுருட்டிக்கொண்டு இருந்தவர். அவற்ற கால் வளையத்துக்க. கிழவரைக் குப்புற விழுத்தி, மணலால, பிறகு முருகைக்கல்லால இழுத்துக்கொண்டு போச்சுது. மடுத்தீன் பாய்ஞ்சு கத்தியால கிழவற்ற வளையத்தை அறுத்து எடுக்கேக்க, முழங்காலுக்குக் கீழ வெள்ளையா எலும்பு தெரிஞ்சுது. வலை புரண்டு மீன் முழுக்கத் தப்பிப் போட்டுது.

அதுக்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் பிடிக்காதது. மடுத்தீன்ர ஆக்கள் துடுப்போட சாப்பாட்டுக் கபானாவுக்க பூந்திட்டாங்கள். விருந்தாளியை அடிக்கலாமோ? சாப்பிட்டுக்கொண்டு இருக்கிற மனிசரை? தடியனுக்குத் தோள் எலும்பு உடைஞ்ச சத்தம் வெளிய கேட்டது. சிவப்புத் துண்டுப் பெட்டை மேசைக்குக் கீழ கிடந்து குழறினாள், அவளின்ர விரலை மிதிச்சுப்போட்டாங்கள். முதலாளியின்ர முன்பல்லு இரண்டு இறால் தட்டுக்க விழுந்து கிடந்தது, நான்தான் பொறுக்கி எடுத்துக் கழுவிக் குடுத்தனான். மடுத்தீன் அடிக்க வரேல்லை, உள்ளதைச் சொல்லவேணும், அவன் கிழவரைத் தோளில போட்டுக்கொண்டு போட்டான். ஆனா அண்டைக்குப் பொழுதுபடேக்க வந்தான். வலையின்ர மூலையில மிஞ்சிக் கிடந்த கொஞ்ச மீனைப் பங்கு பிரிச்சு, ஒவ்வொரு கபானா வாசலிலயும் ஒவ்வொரு பனையோலையில வைச்சுப்போட்டுப் போனான். கை வைச்ச ஆக்களுக்குப் பங்காம். எவ்வளவு கொழுப்பெண்டு பாருங்கோ. அது பங்கில்லை தம்பி, மிரட்டல். எனக்கு விளங்காதோ? நான் எல்லாத்தையும் காலால எத்தி எறிஞ்சன்.

அடுத்தநாள் காலமை திரும்பவும் வலையை இறக்கினான். இந்த முறை ஊர்ப் பெண்டுகள் கயித்தில நிண்டவை. பெடியள், கிழடுகள், சுவாமியாரும் அங்கியைத் தூக்கிச் சொருகிக்கொண்டு நிண்டார். முதலாளி வாயில துணியோட வந்து, அந்தக் கயிறு இண்டைக்குக் கரைக்கு வந்துதெண்டா நான் போறன், நீயும் உன்ர சேட்டைக் கழட்டு எண்டார்.

நீங்கள் எண்டா என்ன செய்திருப்பியள்? தீவின்ர எதிர்காலம் தம்பி. ரோட்டு வந்திருக்கும், கரண்ட் வந்திருக்கும், டொக்டர் வந்திருப்பார். எல்லாம் அந்த ஒரு கயித்தில தொங்குது. நான் மீன் வெட்டுற கத்தியை எடுத்துக்கொண்டு தண்ணிக்க இறங்கினன். மடுத்தீன்தான் முன்னுக்கு நிண்டவன், முழங்கால் தண்ணியில, கயித்தை நெஞ்சோட அணைச்சபடி. நான் அவனுக்கும் வலைக்கும் நடுவில போய் நிண்டன். அவன் கண்டிட்டான். தலையை ஆட்டினான், வேண்டாம் எண்டு.

வெட்டினன். கயித்தைத்தான் வெட்டினன் தம்பி, மனிசனை இல்லை. ஒரு கயிறு. நைலோன் கயிறு, மீன் பாரத்தில நீண்டு இறுகி நிண்டது, எனக்கென்ன தெரியும் அது அப்பிடி அடிக்கும் எண்டு? ஈரச் சீலையைக் கல்லில அடிச்ச மாதிரி ஒரு சத்தம். மடுத்தீன்ர முகத்தில. இடது கண் இருந்த இடத்தில கண் இல்லை. அவனுக்குப் பின்னால நிண்ட சனம் முழுக்க மல்லாக்க விழுந்துது. அவனும் விழுந்தான். விழுந்தும் கயித்தை விடேல்லை, விசரன். அறுந்த கயிறு, அந்தப் பக்கம் ஒண்டுமில்லை, தண்ணி சிவந்து வருகுது, அதைப் பிடிச்சுக்கொண்டு கிடக்கிறான்.

முதல் என்ர காதைப் பாத்தியள்தானே. மடுத்தீன்ர மனிசி றெஜினா. ஒரு சொல்லுப் பேசாத பெட்டை, என்ர முகத்தை நிமிந்து பாத்தது கிடையாது. பின்னால வந்து கழுத்தைக் கட்டினாள், நான் அழப்போறாள் எண்டு நினைச்சன். பல்லால தம்பி. தலையை உதறி உதறி இழுத்தாள். நான் கத்தின கத்தில எனக்கே பயம் வந்துது. துப்பினாள், அது தண்ணியில மிதந்து போச்சுது. அந்த நேரம், ஆர் நெருப்பு வைச்சதோ, கபானா பத்துது. பட்டப்பகலில, காத்தும் வாடைக் காத்து, ஆறும் ஒண்டுக்குப் பின்னால ஒண்டாப் பத்துது. ரூரிஸ்ட்மார் பையளை இழுத்துக்கொண்டு துறைக்கு ஓடினம், பின்னால சனம் கல்லால எறியுது.

துறையில மெசின் போட்ட வள்ளம் என்ர வள்ளம் மட்டும்தான் நிண்டது. நான் காதைப் பொத்திக்கொண்டு ஓடிப்போய் விருந்தாளியளை ஏத்தினன். அப்பத்தான் மடுத்தீனைப் பாயில வைச்சுத் தூக்கிக்கொண்டு வந்தவை. ஒவ்வொருத்தரும் கத்தினம், மெசினை மறிச்சு நிக்கினம். றெஜினா தண்ணிக்க இறங்கி வள்ளத்தின்ர விளிம்பைப் பிடிச்சாள். வாய் முழுக்க என்ர ரத்தம். அவள் கத்தேல்லை.

"அத்தான், அவரை ஏத்துங்கோ" எண்டாள். அவ்வளவுதான் சொன்னவள்.

எங்க ஏத்திறது? வள்ளம் நிறைஞ்சு போச்சுது. பையளும் இருந்தது. விருந்தாளியை முதல் அனுப்போணும், அதுவும் எங்கட பண்பாடுதானே? நான் கொண்டுபோய் இறக்கிப்போட்டு உடன வாறன் எண்டன். அவளின்ர விரல்களை ஒவ்வொண்டாக் கழட்டிவிட்டிட்டு மெசினை இழுத்தன். முதலாளி அக்கரையில இறங்கினவர் திரும்பிப் பாக்கேல்லை. இண்டைவரைக்கும் ஒரு கதை இல்லை. நான் உடனதான் திரும்பி வந்தன், சத்தியமா. வரேக்க நடுக்கடலில ஒரு பாய் வள்ளம் எதிர்க்க ஊர்ந்துகொண்டு போச்சுது. மடுத்தீனை அதிலதான் கொண்டு போனவை. கொஞ்சம் முந்திக் கொண்டு வந்திருந்தா மற்றக் கண்ணின்ர பார்வையும் மங்காமல் காப்பாத்தி இருக்கலாம் எண்டு டொக்டர் சொன்னவராம். டொக்டர்மார் அப்பிடித்தான் சொல்லுவினம். காத்துப் பிழை எண்டா நான் என்ன செய்ய?

அண்டைக்குத் துறைக்கு வந்து வழமை மாதிரிக் கட்டுற கயித்தை எறிஞ்சன். கரையில நிறைய ஆக்கள். ஒருத்தரும் பிடிக்கேல்லை. கயிறு அவையின்ர காலடியில விழுந்து, திரும்பத் தண்ணிக்க வழுகிச்சுது.

இப்ப என்ர பருவம் தம்பி. அதுதான் உங்களைத் தேடி ஓடி வந்தனான். வலை இருக்கு, புது வலை. மீன் கரையில வந்து துள்ளுது. முதல்நாள் நான் தனிய வலையை வளைச்சுப் போட்டு, கரையில வந்து சங்கு ஊதினன். சங்குச் சத்தம் கேட்டா ஊரே வாறது வழக்கம். கூப்பிடத் தேவையில்லை. ஊதினன், ஊதினன், வாய் வெடிக்க ஊதினன். ஒரு குஞ்சு குருமான் வரேல்லை. என்ர மனிசியும் வரேல்லை, அவள் தாய் வீட்டுக்குப் போய்க் கன நாள். கயித்தைப் பனையில கட்டி நானே இழுத்தன். உள்ளங்கையைப் பாருங்கோ, இது தோல் இல்லை, பிறகு வந்தது. வலை அப்பிடியே கடலுக்க கிடந்து, மீன் செத்து ஊதி, தீவு முழுக்க நாறிச்சுது. அதுக்கும் ஒருத்தரும் ஏசேல்லை.

ஒரேயொருத்தன் வந்தான். மடுத்தீன். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, றெஜினாவின்ர தோளைப் பிடிச்சபடி வந்து கரையில நிண்டான். எனக்கு அழுகை வந்திட்டுது தம்பி, பொய் சொல்லேல்லை. கை வை மடுத்தீன், பாதிப் பங்கு தாறன் எண்டன். முழுப்பங்கும் எடு எண்டன். அவன் கையைப் பின்னால கட்டிக்கொண்டு, நான் இழுக்கிறதைப் பாத்துக்கொண்டு நிண்டான். என்னத்தைப் பாத்தானோ, என்னத்தைக் கண்டானோ. பொழுதுபட அவள் கூட்டிக்கொண்டு போட்டாள்.

அக்கரையில இருந்து கூலிக்கு ஆள் பிடிச்சும் கொண்டு வந்தனான். துறையில எமிலியான் கிழவர் கவைத்தடியோட இருந்து அவையின்ர காதுக்க ஏதோ சொன்னார். இறங்கின கால் காயாமல் அதே வள்ளத்தில திரும்பி வந்திட்டினம். எல்லாம் பொறாமை. நான் முன்னேறினது பிடிக்கேல்லை. திருப்பி அடிச்சாலும் பறவாயில்லை, ஒரு நாள் எல்லாருமாச் சேந்து என்னை மணலில போட்டு மிதிச்சாலும் எனக்கு ஆறுதலாப் போயிருக்கும். ஒருத்தரும் கை வைக்கினமில்லை. ஏச்சில்லை, பேச்சில்லை. சொன்னன்தானே, அமைதியான தீவு எண்டு.

உங்களிட்ட நான் பெரிசா ஒண்டும் கேக்கேல்லை. ஹோட்டல் பிறகு கட்டலாம். கபானாவும் பிறகு போடலாம். முதல் முப்பது பேரைக் கொண்டு வாங்கோ. வெள்ளைக்காரரோ கறுவலோ, ஆரா இருந்தாலும் பறவாயில்லை, கை இருந்தாக் காணும். இழுக்கிறது நான் பழக்குவன். விடாமல் இழுக்கப் பழக்குவன். விட்டா எப்பிடிப் பழக்கிறது எண்டு அப்பு எனக்குக் காட்டித் தந்தவர்.

அந்தா, துறை தெரியுது. வடிவா இருக்குதுதானே? ஓம், நிறையப் பேர் நிக்கினம், மற்ற வள்ளத்துக்கு ஐஸ் ஏத்த. கறுப்புக் கண்ணாடியோட அந்தக் கல்லில இருக்கிறது ஆர் எண்டு நீங்கள் கேக்கத் தேவையில்லை. அங்க பாக்காதேங்கோ. இனிக் கவனமாக் கேளுங்கோ. நான் மெசினை நிப்பாட்டினவுடன நீங்கள் முதல் குதியுங்கோ. தண்ணி கணுக்காலுக்குத்தான். குதிச்சுப்போட்டுத் திரும்புங்கோ, நான் கயித்தை எறிவன், நீங்கள் பிடிக்கவேணும். அவை பிடிக்காயினம். பிடிச்சு அந்த மரத்தில ஒரு சுத்துச் சுத்துங்கோ, அவ்வளவுதான் வேலை. சனம் பாக்கட்டும், என்ர கயித்தையும் பிடிக்க ஒரு ஆள் இருக்கெண்டு.

சரி, குதியுங்கோ. ஆ, நல்லது. இந்தா எறியிறன்.

ஏன் தம்பி கையைப் பின்னால கட்டுறியள்?

சரி, விடுங்கோ. நில்லுங்கோ அங்கயே. நானே குதிக்கிறன். ஒவ்வொருநாளும் நான்தானே குதிக்கிறனான்.